பொன்னாச்சிக்குக் கேட்ட கப்பம்

ஒன்பது வயதுப் பையன் ஒருவன், மழை இருட்டில், முன்பின் தெரியாத ஓர் ஆளைத் தேயிலை மலை வழியே தனியாகப் பின்தொடர்ந்து போனான். காலில் செருப்பு இல்லை. கையில் டோர்ச் இருந்தும் ஏற்றவில்லை. ஏற்றினால் அந்த ஆள் கண்டுகொள்வான் என்ற பயம். ஏறக்குறைய அரை மைல் போய், பனி இறங்கி ஆள் மறைந்த பிறகுதான் திரும்பினான். அவன் படிக்கும் பாடசாலையில் நான் ஆசிரியை. ஆலோசனை வழிகாட்டலுக்கும் நானே பொறுப்பு. இந்தச் செய்தி எனக்குத் தெரியவந்தது இரண்டு நாள் கழித்து. அதுவரை என்ன நடந்தது, யார் யார் என்ன செய்தோம், செய்யாமல் விட்டோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். பெற்றோரின் சம்மதம் கேட்டு, பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டிய பிறகே இதை வெளியே தருகிறேன். பிள்ளைகளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தரவில்லை. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதைக்கு மேலே உள்ள ஒரு டிவிஷன், அதாவது தோட்டப் பிரிவு, என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அணியும் அதன் நாயும்

பன்னிரண்டு காம்பிராக்கள், அதாவது அறை வீடுகள், வரிசையாகக் கொண்ட ஒரு லயம். அதில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு சூப்பர் ஹீரோ அணி அமைத்திருந்தார்கள். யூரியா பையைப் பிரித்துத் தைத்த முதுகுப் போர்வை, இடுப்பில் அம்மா கொழுந்து பறிக்கும்போது கட்டும் பழைய படங்கு, முகத்தில் கறுப்புத் துணி. ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி, அந்தச் சக்தியின் பெயரே பட்டப்பெயர். தலைவி இடி, 14 வயது. அடுத்து மின்னல், 13. பீலியில், அதாவது மலையிலிருந்து குழாய் வழியே, விழும் தண்ணீரின் சக்தி கொண்ட பெண் பிள்ளை பீலி, 12. பாறை, 11. கடைக்குட்டி பனிமூட்டம், அவன் கண்ணுக்குத் தெரியாமல் மறையக்கூடியவன். மேலே சொன்ன ஒன்பது வயதுப் பையன் அவன்தான்.

இதை விளையாட்டு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை முடித்து வரும் அம்மாக்களுக்குப் படிக்கட்டில் வெளிச்சம் பிடிப்பது, தனியாக இருக்கும் ஆச்சிகளுக்கு அரிசிப் பையைத் தூக்கிக் கொடுப்பது என்று அவர்களுக்கு உண்மையான வேலைகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரிய வேலை குளவிக் கூடு தேடுவது. கொழுந்து பறிக்கப் போனவர்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவதும், சிலர் உயிரோடு திரும்பாமல் போவதும் மலையகத்தில் எல்லோரும் அறிந்த துயரம். இந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமலையாகப் பாதையோரம் நடந்து, கூடு தென்படும் மரத்துக்குத் தள்ளி நின்ற செடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுக் கங்காணியிடம் சொல்லிவிடுவார்கள். சிவப்புத் துணி கண்டால் அந்த நிரைக்குள் போகக்கூடாது என்று அந்த டிவிஷன் பெண்கள் பழகியிருந்தார்கள்.

அந்தத் தேடலில் முன்னால் போவது பொன்னாச்சி. தவிட்டு நிறம், சின்ன உருவம், இடது காதில் பாதி இல்லை. இரண்டு வருடம் முந்தி, கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைத் தறித்துவிட்ட, மலையின் வடிகானுக்குள் குட்டியாகக் கிடந்ததைப் பாறை தூக்கி வந்தான். அதுவும் ஒரு முறை குளவியிடம் கொட்டு வாங்கியது. அதற்குப் பிறகு எங்கே ரீங்காரம் கேட்டாலும் நான்கு காலையும் ஊன்றி நின்று உறுமும். ஓர் அடி முன்னால் வைக்காது. பிள்ளைகள் அதையே தங்கள் ஆறாவது வீரர் என்று எண்ணிக்கொண்டார்கள்.

பெயர் வைத்தவர் மின்னலின் தாத்தா. இளமையில் பொன்னர் சங்கர் கூத்தில் சங்கர் வேஷம் கட்டியவர். கொங்கு நாட்டுக் கதையை அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இங்கே கொண்டு வந்து, காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் போல இந்த மலைகளின் சொத்தாக ஆக்கிவிட்டார்கள். அந்தக் கதையில் பொன்னாச்சி என்று ஒரு சின்னப் பெண் நாய் வருகிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாட அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் புறப்படும்போது அதை அழைத்துப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த நாய் இல்லாமல் பன்றியைச் சாய்க்க முடியாது என்றாகிறது. சூப்பர்மேனுக்கு கிரிப்டோ என்றொரு நாய் 1955இலேயே அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிரிப்டோவைத் தெரியாது. சின்ன நாய் என்று எண்ணிப் பின்னால் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதைத் தாத்தாவிடமிருந்து கற்றிருந்தார்கள்.

இப்போது என் பங்கு. அணி போர்வையோடு நடந்து போவதை மாசி மாதக் காமன் கூத்து சமயத்தில் என் கைபேசியில் படம் பிடித்தேன். பொன்னாச்சிக்கும் ஒரு சின்னப் போர்வை கட்டியிருந்தார்கள். படத்தைப் பலரோடு பகிர்ந்தேன். அதே டிவிஷனில் பிறந்து இப்போது வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பம் அதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு மழைக் கோட்டும் டோர்ச்சும் வாங்கிக் கொடுங்கள் என்று 25,000 ரூபாய் அனுப்பியது. பணத்தை இடியிடம் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லும் ஆவலில், தொகையையும் போட்டு, நாயின் படத்தையும் போட்டு எல்லோரும் பார்க்க எழுதினேன். அன்றிலிருந்து 11ஆம் நாள் பொன்னாச்சியைக் காணவில்லை.

வியாழன் முதல் ஞாயிறு வரை

மே மாதம், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட வாரம். வியாழக்கிழமை பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போது பாதை வளைவில் வழக்கமாக நிற்கும் நாய் நிற்கவில்லை. பீலிக்கரையில் அது படுக்கும் தட்டைக் கல் ஈரமாகக் கிடந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: புலி தூக்கியிருக்கும்.

அது பொறுப்பில்லாத பேச்சு என்று சொல்ல முடியாது. இந்தத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. லயத்து நாய்கள் அவற்றுக்கு எளிய இரை. பிள்ளைகள் இன்னொன்றுக்கும் பயந்தார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்கப்பட்ட பிறகும் பிழைக்காமல் இறந்தது. அந்தச் செய்தியை நான்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். பன்றிக்கு வைக்கும் சுருக்கு நாயையும் பிடிக்கும். ஆகவே அன்று இருட்டும்வரை தகரம் தட்டிக்கொண்டு பற்றைகளில் கம்பி இருக்கிறதா என்று தேடினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்தத் தட்டைக் கல்லின் கீழே ஒரு தாள் கிடைத்தது. கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை றூல் தாள், மழை படாமல் ஒரு ஷாப்பிங் பேக்கில் சுற்றியிருந்தது. நாய் உயிரோடு வேண்டுமானால் சனிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு ஸ்டோர் பாதையின் மூன்றாவது மதகுக்குக் கீழே 15,000/= வைக்க வேண்டும், பெரியவர்களிடம் சொன்னால் நாய் வராது என்று எழுதியிருந்தது.

15,000 என்றால் என்ன என்பதைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் வர்த்தமானி நிர்ணயித்த அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். அந்தக் கணக்கில், மழையிலும் அட்டைக் கடியிலும் மலையேறிய பதினொரு நாள் உழைப்பு.

பிள்ளைகள் அந்தக் கட்டளையை மீறினார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரியவர்களிடம் சொன்னார்கள். ஒருவரிடம் அல்ல, நால்வரிடம் சொல்லப் பார்த்தார்கள். முதலில் இடியின் அம்மா. நாய்க்கு யாராவது காசு கேட்பார்களா, மேல் லயத்துப் பையன்கள் உங்களைச் சீண்டுகிறார்கள் என்று தாளை அடுப்பங்கரையில் வைத்துவிட்டார். அடுத்து தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவருக்கு அன்று சம்பளப் பிணக்கு ஒன்று தலைக்கு மேல் இருந்தது. குட்டி ஒன்று பார்த்துத் தருகிறேன், போங்கள் என்றார். சனிக்கிழமை காலை இடியும் மின்னலும் பஸ் ஏறி ஒரு பொலிஸ் நிலையத்துக்கே போனார்கள். முன் மேசையில் இருந்தவர் தாளை வாசித்துச் சிரித்தார், பெரியவர் யாரையாவது கூட்டி வரச் சொன்னார். வெளியே வந்து எனக்கு இரண்டு முறை அழைப்பு எடுத்திருக்கிறார்கள். நான் ஹட்டனில் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் இருந்தேன். அழைப்பைப் பார்த்தேன். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று எண்ணி எடுக்கவில்லை.

அன்று மாலை பணம் வைக்கப் போனார்கள். மழைக் கோட்டுக்கு வந்த 25,000 பால்மாத் தகரத்தில் இருந்தது. அதிலிருந்து எண்ணி எடுத்தார்கள். போர்வையும் முகத்துணியும் கட்டிக்கொண்டு போனார்கள் என்று பிறகு அறிந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. திட்டமும் போட்டிருந்தார்கள்: இடி பணத்தை வைப்பாள், மின்னலும் பாறையும் மேல் வளைவில் நிற்பார்கள், பீலி கீழ் வளைவில், பனிமூட்டம் மதகுக்கு நேர் மேலே தேயிலைக்குள். அந்த மதகின் ஒரு பக்கம் கான் முப்பது அடிக்குக் கீழே விழுகிறது. மழை நாளில் பெரிய மனிதரே அங்கே கால் வைக்க யோசிப்பார்கள்.

மழைக் கோட்டு போட்ட ஓர் ஆள் நடந்து வந்து பையை எடுத்துக்கொண்டு ஸ்டோர் பக்கம் போகாமல் குறுக்குப் பாதையில் இறங்கினான். நாய் வரவில்லை. பனிமூட்டம் ஒருவரிடமும் சொல்லாமல் அவன் பின்னால் போனான். அந்த இருபது நிமிடங்களைப் பற்றி அவனிடம் கேட்டபோது, என்னைக் காணமுடியாது டீச்சர், நான் பனிமூட்டம்தானே என்றான்.

ஞாயிறு மாலை இடியின் அம்மாவுடைய கைபேசிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. நீல நைலோன் கயிற்றில் கட்டிய நாய், வாயைச் சுற்றித் துணி. இன்னும் 10,000 வேண்டும். கொடுத்தால் விடுவான் என்று கொடுத்த பணம், கேட்டால் கொடுப்பார்கள் என்ற துணிவைத்தான் அவனுக்குக் கொடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா அடுப்பங்கரையில் வைத்த தாளைத் தேடி எடுத்தார்.

இதற்குச் சட்டத்தில் என்ன பெயர்

திங்கட்கிழமை காலை இடியும் அவள் அம்மாவும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். பனிமூட்டம் பின்னால் வந்து ஒரு கேள்வி கேட்டான்: கப்பம் அரசருக்குத்தானே டீச்சர் கட்டுவார்கள், நாங்கள் கட்டினால் பொலிஸ் எங்களைப் பிடிக்குமா? வரலாற்றுக் கதைகளில் கேட்ட சொல்லும் பத்திரிகையில் வரும் சொல்லும் அவன் தலைக்குள் ஒன்றாகிப் போயிருந்தன. குற்றம் செய்தவர்கள் தாங்கள்தான் என்று இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

அவனுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சட்டத்தைத் தேடி வாசித்தேன். ஆட்கடத்தல் என்ற குற்றம் மனிதருக்கு மட்டும் உரியது. நாயைப் பொறுத்தவரை அது களவு. ஆனால் அந்தக் களவை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது என்று பார்த்து வியந்தேன். களவை வரையறுக்கும் 366ஆம் பிரிவின் உதாரணங்களில் ஒன்றே நாயைப் பற்றியது: ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொருவருடைய நாயைத் தன் பின்னால் வரச் செய்கிறான், கொண்டுபோகும் எண்ணம் அவனுக்கு இருந்தால், நாய் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே களவு நிகழ்ந்துவிட்டது. பயமுறுத்திப் பணம் பறிப்பது 372ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அந்தச் சட்டம் தீங்கு என்று சொல்வது உடலுக்கு வரும் தீங்கை மட்டும் குறிக்காது. மனத்துக்கும் நற்பெயருக்கும் உடைமைக்கும் வரும் தீங்கும் அதில் அடங்கும். விலங்கு வதைக்கு 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. 100 ரூபாய் அபராதத்தோடு எழுதப்பட்ட சட்டம் அது.

ஆக, நூற்று நாற்பது வருடப் பழைய சட்டத்துக்குக்கூட இது சிரிக்கிற விடயமாகத் தெரியவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

ஒரு பலவீனம் எங்கள் பக்கமும் இருந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாயை உள்ளூராட்சி நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். பொன்னாச்சிக்குப் பதிவும் இல்லை, தடுப்பூசி அட்டையும் இல்லை. உங்களுடைய நாய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால் காட்டுவதற்கு இருந்தது நான் எடுத்த அந்தப் படம் ஒன்றே. கேட்டைக் கொண்டுவந்த படமே அத்தாட்சியாகவும் ஆனது.

கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு அதே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். முறைப்பாட்டைத் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டு நின்றேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் பிள்ளை தமிழில் சொன்னதை யாரோ சிங்களத்தில் சுருக்கி எழுதி, வாசிக்க முடியாத தாளில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது இன்றும் நடக்கிறது. தமிழ் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். சிறுவர், பெண்கள் பிரிவைச் சேர்ந்த அவர் மிக நன்றாக நடந்துகொண்டார். நாய் என்று தொடங்கியபோது அவரும் பேனாவை எடுக்கவில்லை. பிள்ளைகளை இரவில் மதகுக்கு வரவழைத்தான் என்றபோது எடுத்தார். அந்த நேர்மைக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் பிள்ளைகள் ஆபத்துக்குள் போன பிறகுதான் முறைப்பாடு முறைப்பாடாக ஆகிறது என்றால், இரண்டு நாள் முந்தி வந்து நின்ற அதே பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன சொல்லி அனுப்பினோம்? 1929 என்ற இலக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இதற்கெல்லாம் அழைக்கலாமா என்று தெரியவில்லை என்று இடி சொன்னாள். தாங்கள் இழந்தது அழைப்பதற்குத் தகுந்த பெரிய விடயம் என்று அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

கண்டுபிடித்த விதம்

வட்ஸ்அப் வந்த இலக்கத்தை வைத்து ஆளைத் தேட நாளாகும் என்றார்கள். பிள்ளைகள் தங்களிடம் இருந்ததை எடுத்து வைத்தார்கள். அந்தப் பெண் உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

குரல் பதிவைப் பீலி இருபது முறைக்கு மேல் கேட்டிருந்தாள். பேச்சு முடியும் இடத்தில், மிக மெல்லியதாக, ஒரு சங்கு ஊதுகிறது. எங்கள் ஸ்டோரின் சங்கு நீளமாக ஒரு முறை ஊதும். பதிவில் இருந்தது குறுகலாக இரண்டு முறை. அப்படி ஊதுவது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். படத்தைப் பார்த்த பாறை, நாயின் காலடியில் இருப்பது லயத்துச் சீமெந்து என்றும், ஓரத்தில் மானாப் புல் வளர்ந்திருப்பதால் ஆள் குடியிருக்காத காம்பிரா என்றும் சொன்னான். மின்னல் காட்டியது 15,000/= என்ற எழுத்து. தொகைக்குப் பின்னால் இப்படிக் கோடும் இரட்டைக் கோடும் போடுவது கடை பில் எழுதுகிறவர்களின் கைப்பழக்கம், எழுதியவன் கடையில் நின்றவனாக இருப்பான் என்றான். பனிமூட்டம் சொன்னது குறுக்குப் பாதை எந்தப் பக்கம் இறங்கியது என்பதை.

நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு துண்டை வைத்திருந்தார்கள். இடி, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையே யாராவது உட்காரவைத்துக் கேட்டிருந்தால், மின்னல் சொன்ன எழுத்துத் துப்பாவது மதகுக்குப் போகாமலேயே கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய் பிற்பகல் இரண்டு பொலிசாரும் தோட்டத் தலைவரும் போனார்கள். பிள்ளைகள் வரக்கூடாது என்று திட்டமாகச் சொன்னோம். பெயரைக் கூப்பிட்டால்தான் பொன்னாச்சி குரல் கொடுக்கும் என்பதால் இடி மட்டும் தன் அம்மாவோடு பின்னால் போனாள். மண்சரிவுக்குப் பயந்து ஆட்கள் விட்டுப்போன பழைய லயத்தின் கடைசிக் காம்பிரா. நாய் உயிரோடு இருந்தது. கயிறு கழுத்தில் அறுத்திருந்தது. இடி ஓடிப்போய் வாய்த்துணியை அவிழ்த்ததும் அது அவள் கையைக் கடித்துவிட்டது.

இந்த இடத்தைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாள் கட்டிக் கிடந்த மிருகத்துக்கு முதலில் வரும் கை யாருடையது என்று தெரியாது. நல்ல வேளையாக அந்தப் பெண் உத்தியோகத்தர் தொலைபேசியில் இருந்தார். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொன்னார். நீர்வெறுப்பு நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தடுப்பூசி அட்டை இல்லாத நாய் என்பதால் ஊசிகள் எல்லாவற்றையும் போட வேண்டியதாயிற்று. அழாமல் போட்டுக்கொண்டாள். அம்மாதான் அழுதார்.

அவன்

19 வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். சாதாரண தரம் முடிக்காமல் கொழும்பில் ஒரு கடைக்குப் போனவன், ஐந்து மாதத்தில் திரும்பி வந்தவன். தவணைக்கு எடுத்த கைபேசிக்குக் கடன். என் பதிவை அந்தக் கைபேசியில்தான் பார்த்திருக்கிறான்: தொகை, நாய், பிள்ளைகள், மூன்றும் ஒரே இடத்தில். பீலிக்கரையில் ஒரு பிஸ்கட்டை நீட்டினேன், கூடவே வந்துவிட்டது என்று சொன்னான். 1883இன் அந்த உதாரணம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நாய்க்கு ஐந்து நாளும் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்திருக்கிறான். வாயைக் கட்டியது குரைக்கும் என்ற பயத்தில்.

அவனை வெறுக்க எனக்கு முடியவில்லை; மன்னிப்பதும் என் உரிமை அல்ல. நான் எட்டாம் தரத்தில் கற்பித்த பல பையன்கள் அதே பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போனவர்கள்.

அணி பழிவாங்கத் துடித்தது. மின்னல் அவனுடைய வீட்டுக் கோழிகளைப் பிடித்துக்கொண்டு வருவோம் என்றான். தாத்தா அன்று இரவு இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், அவர்களை உட்காரவைத்துக் கதையின் இன்னொரு பகுதியைச் சொன்னார். தங்கை தங்காள் ஆசைப்பட்டாள் என்று அண்ணன்மார் வீரப்பூர் வனத்துக் கிளியைப் பிடித்து வருகிறார்கள். அது வேட்டுவர் வீட்டுப் பெண் ஆசையாக வளர்த்த கிளி. அவள் அழுகையில் இருந்துதான் கொம்பன் வருகிறது, அண்ணன்மார் மாண்டு விழும் படுகளம் வருகிறது. நாம் கும்பிடுகிற சாமிகளே அடுத்தவர் வளர்த்த உயிரைப் பிடித்து வந்த பாவத்துக்கு விலை கொடுத்தார்கள் என்றார் தாத்தா. பிள்ளைகள் வெகுநேரம் பேசவில்லை. கோழிப் பேச்சு அதோடு நின்றது.

பொலிஸ் நிலையத்தில் பதிவான முறைப்பாடு, பிறகு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்பட்டது. அனுப்பிய தாளில் நாய் ஒன்றைக் களவெடுத்தமை என்று இருந்தது. கப்பம் கேட்டதைப் பற்றியோ மதகைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. இதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. அன்றும் எழுந்து சொன்னேன். வழக்கென்று போனால் பையனின் எதிர்காலம் போய்விடும் என்று இரு பக்கத்துப் பெரியவர்களும் இணங்கினார்கள். அந்தக் கவலை நியாயமானது. நடந்ததை உள்ளபடி எழுத்தில் பதிந்துவிட்டு இணங்கியிருக்கலாம் என்பதே என் வாதம். 15,000இல் 6,500 அப்படியே திரும்பி வந்தது. மீதியை மாதம் 1,000ஆகத் தருவதாக எழுதிக்கொடுத்தான், இதுவரை தவறவில்லை. ஐந்து மழைக் கோட்டும் இப்போது வாங்கியாகிவிட்டது.

சபையில் பிள்ளைகளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று தலைமை வகித்த பெரியவர் கேட்டார். நான் எதிர்பார்க்கவில்லை, அவருக்கு நன்றி. பனிமூட்டம் எழுந்து அந்த அண்ணனிடம், நாங்கள் பணம் வைத்த பிறகு ஏன் விடவில்லை என்று கேட்டான். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, பின்னால் யாரோ வருவது தெரிந்தது, பொலிஸ் என்று பயந்துவிட்டேன் என்றான். பனிமூட்டத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். தன்னால்தான் நாய் மேலும் மூன்று நாள் கட்டிக் கிடந்தது என்று அவன் எடுத்துக்கொள்வான் என்று அஞ்சி அன்றிலிருந்து வாரம் ஒரு முறை அவனோடு பேசி வருகிறேன். அவனை அங்கே போகவிட்டவர்கள் யார் என்பதை அவன் வயதுக்கு விளங்கும்படி, என் பெயரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

என் பதிவை அழித்துவிட்டேன். பிள்ளைகளின் கையில் உள்ள பணத்தின் தொகையை இனி எங்கும் எழுதமாட்டேன். பாடசாலையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் சொல்லும் முறைப்பாடு எதுவானாலும், பென்சில் தொலைந்தது என்றாலும், அவர்கள் முன்னாலேயே எழுதி, வாசித்துக்காட்டி, இலக்கம் போட்டுக் கொடுக்கிறோம். கடந்த வாரம்வரை 61 பதிவுகள். அவற்றில் இரண்டு மிகப் பாரதூரமானவை. வேறு எந்த வழியிலும் எங்கள் காதுக்கு வந்திருக்காதவை.

பொன்னாச்சிக்கு இப்போது பதிவும் உண்டு, தடுப்பூசி அட்டையும் உண்டு. அரச மிருக வைத்தியர் கழுத்துப் புண்ணுக்கு மருந்து கொடுத்து ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் முன்னால் போகிறது. ஒன்று மட்டும் மாறவில்லை: நீலக் கயிற்றைக் கண்டால் உடல் நடுங்கிப் படுத்துவிடும். எங்கள் லயங்களில் துணி காயப்போடும் கொடி எல்லாம் அந்த நீல நைலோன் கயிறுதான். மலிவு, மழைக்கும் உக்காது. கடந்த மாதம் நான் அந்த லயத்துக்குப் போனபோது பன்னிரண்டு இஸ்தோப்பிலும் தும்புக் கயிறு கட்டியிருந்தது. மாற்றும்படி பிள்ளைகள் எந்த வீட்டிலும் கேட்கவில்லை என்றார்கள். இடியின் அம்மா முதலில் மாற்றினாராம்.